வாக்குச்சீட்டும் வாடகைச்சீட்டும்

ஒரு தெருவில் மதுக்கடை இருக்கலாமா கூடாதா என்பதை அரசு சொல்ல வேண்டுமா, நகர மன்றம் சொல்ல வேண்டுமா, அத்தெருவில் குடியிருப்பவர்களே சொல்ல வேண்டுமா என்னும் வினா, ஸ்காட்லாந்தில் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் உள்ளூர் அரசியலின் நடுவிலேயே இருந்தது. அந்த நூறாண்டின் வரலாற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் 1913ஆம் ஆண்டின் சட்டத்தையும், அதன்படி 1920 முதல் வார்டு வார்டாக நடந்த வாக்கெடுப்புகளையும் சுற்றியே கதையை அமைத்துள்ளனர். அது இயல்பானதே, ஏனெனில் வாக்கெடுப்பில் கூட்டமும் கொடியும் வெற்றியும் தோல்வியும் உண்டு. ஆனால் மதுக்கடை இல்லாத குடியிருப்புகளில் எத்தனை பேர் உண்மையில் வாழ்ந்தனர் என்று பார்க்கப் புகுந்தால், வாக்குச்சீட்டை விட நில உடைமையே வலிமையான கருவியாக இருந்தது என்பதும், அக்கருவியைக் கையாண்டவர்கள் குடியிருப்பவர்களின் கருத்தைக் கேட்கவே இல்லை என்பதும் புலப்படும்.

மதுக்கடை உரிமம் ஸ்காட்லாந்தில் தொடக்கத்திலிருந்தே உள்ளூர்க்காரர்களின் கையில்தான் இருந்தது. தன்னாட்சிப் பட்டயம் பெற்ற ஊர் அங்கே 'பரோ' எனப்பட்டது. பரோவின் நகர மன்ற உறுப்பினர்கள் தமக்குள்ளிருந்தே சிலரை 'பெய்லி' என்னும் பதவிக்குத் தெரிவு செய்தனர். பெய்லி ஒரே நேரத்தில் நகர மன்றத்தின் மூத்த உறுப்பினராகவும் சிறு குற்றங்களை விசாரிக்கும் நீதிபதியாகவும் விளங்கியவர். மது விற்பதற்கான உரிமத்தை ஆண்டுதோறும் வழங்கியதும் மறுத்ததும் இந்தப் பெய்லிகளே. இங்கிலாந்தில் இதே வேலையைச் செய்த 'அமைதி நீதிபதிகள்' மன்னரின் பெயரால் நியமிக்கப்பட்ட கனவான்கள், ஆகவே எவருக்கும் வாக்குக் கேட்டுப் போக வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. ஸ்காட்லாந்துப் பெய்லியோ தேர்தலில் நின்று வந்தவர். மதுக்கடைக்காரரின் வாக்கும் அவருக்கு வேண்டும், மதுவை வெறுக்கும் தேவாலயக்காரரின் வாக்கும் வேண்டும். உரிம நாள் வந்தால் நகர மன்றத்தின் படிக்கட்டில் இரு தரப்பாரும் நிற்பர். மதுக்கடை நகராட்சித் தேர்தலின் பொருளாக மாறியதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

1853ஆம் ஆண்டில் வந்த ஃபோர்ப்ஸ் மெக்கென்சி சட்டம், அதைக் கொண்டுவந்த நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரால் வழங்குவது, ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளை முற்றிலும் மூடியதோடு, மற்ற நாள்களில் இரவு 11 மணிக்கு மேல் விற்பதையும் தடுத்தது. மளிகைக்கடையில் மதுவை வாங்கிச் செல்லலாம், அங்கேயே நின்று குடிக்கக் கூடாது என்ற பிரிவினையும் இதனால் உறுதிப்பட்டது. விடுதிகள் மட்டும், வழிச்செல்லும் உண்மையான பயணிக்கு ஞாயிறன்றும் மது தரலாம் என்ற விலக்கைப் பெற்றிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் நாடு முழுவதும் திடீரெனப் பயணிகள் பெருகியதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

நேரத்தைக் குறைப்பது போதாது, கடையையே எடுக்க வேண்டும் என்று சொன்னவர்கள் வேறு வழியாக வந்தனர். கிளைடு ஆற்றின் கரையிலுள்ள கிரீனக் ஊரின் வழக்கறிஞர் ஜான் டன்லப் 1829இல் தொடங்கி வைத்த மதுத்தவிர்ப்பு இயக்கம், முதலில் விஸ்கி போன்ற வடித்த சாராயத்தை மட்டுமே எதிர்த்தது. சில ஆண்டுகளில் பீர், திராட்சை மது ஆகியவற்றையும் சேர்த்து முழுமையாகக் கைவிடுவோர் இயக்கமாக அது மாறியது. விவிலியமும் பள்ளிப் பாடநூல்களும் அச்சிட்டுப் பெயர் பெற்ற கிளாஸ்கோப் பதிப்பாளர் வில்லியம் காலின்ஸ் அதன் தொடக்ககாலத் தூண்களில் ஒருவர். அவருடைய மகனும் அதே பெயர் கொண்டவர். 1877 முதல் 1880 வரை கிளாஸ்கோ நகரின் 'லார்டு புரோவஸ்ட்', அதாவது மேயருக்கு நிகரான நகரத் தலைவராக இருந்த அவரைத் 'தண்ணீர் வில்லி' என்று ஊர் கேலி பேசியது. தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் தண்ணீர் என்னும் சொல் ஏற்றுக்கொண்டிருக்கும் பொருளை அறிந்தவருக்கு இப்பட்டம் நேர்மாறாகவே ஒலிக்கும்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 1851இல் மது விற்பனையைச் சட்டத்தால் தடை செய்த செய்தி அட்லாண்டிக்கைக் கடந்து வந்தபோது, அவ்வாறே நாடு முழுவதும் தடை செய்யப் பிரித்தானிய நாடாளுமன்றம் ஒருபோதும் இசையாது என்பதை அந்நாட்டு இயக்கத்தார் விரைவிலேயே உணர்ந்தனர். நாட்டுக்கு முடியாததை ஊருக்குச் செய்யலாம் என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. 1853இல் மான்செஸ்டரில் தோன்றிய ஐக்கிய அரசுக் கூட்டணியும், 1858இல் தோன்றிய அதன் ஸ்காட்லாந்துத் துணையமைப்பும் கேட்டது இதுதான்: ஓர் ஊரின் வரி செலுத்துவோர் வாக்களித்து, தம் எல்லைக்குள் மது உரிமம் வழங்க வேண்டாம் என்று முடிவு செய்தால், உரிமம் வழங்கும் நீதிபதிகள் அதற்குக் கட்டுப்பட வேண்டும். இதனை 'உள்ளூர் மறுப்புரிமை' எனலாம். சர் வில்ஃப்ரிட் லாசன் 1864இல் முதன்முதலாக இதற்கான மசோதாவை நாடாளுமன்றத்தில் வைத்தார். அடுத்தடுத்துத் தோற்றும் விடாமல் கொண்டுவந்தார். 1880இல் இக்கொள்கையை ஏற்கும் தீர்மானம் ஒன்று மக்களவையில் நிறைவேறியது. தீர்மானம் சட்டமாவதற்கோ ஸ்காட்லாந்து மேலும் 33 ஆண்டுகள் காத்திருந்தது, இங்கிலாந்துக்கு அது கிடைக்கவே இல்லை.

இந்த விவாதத்தின் ஒரு கிளை இந்தியாவிற்கும் நீண்டது. ஸ்காட்லாந்தின் கர்க்கூப்ரி வட்டாரத்தில் பிறந்து, வேல்ஸ் தொகுதி ஒன்றின் உறுப்பினராக இருந்த சாமுவேல் ஸ்மித், 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று, இந்தியாவின் அபகாரி நிர்வாகம், அதாவது கள் சாராய வரியையும் குத்தகையையும் நடத்தும் துறை, மக்களிடையே குடியைப் பரப்புகிறது என்று கண்டிக்கும் தீர்மானத்தை மக்களவையில் கொண்டுவந்தார். அரசின் எதிர்ப்பையும் மீறி அது 113க்கு 103 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அதற்கு விடையாக 1890 பிப்ரவரியில் இந்திய அரசு வகுத்த கொள்கையில், மதுக்கடை வைக்கும் இடத்தைப் பற்றி உள்ளூர் மக்களின் எண்ணத்தை அறிய முயல வேண்டும், அதற்கு நியாயமான அளவு மதிப்பளிக்க வேண்டும் என்ற வாசகம் இடம்பெற்றது. எண்ணத்தை அறிவது வேறு, அதற்குக் கட்டுப்படுவது வேறு. நியாயமான அளவு எது என்பதை மாவட்ட ஆட்சியரே தீர்மானித்தார். வாக்குச்சீட்டுக்கு அங்கே வேலையில்லை. தமிழ்நாட்டில் கிராம சபை மதுக்கடைக்கு எதிராகத் தீர்மானம் போடும்போதெல்லாம் எழும் வழக்கமான வினா, அத்தீர்மானத்திற்கு என்ன வலு என்பது, ஏறத்தாழ இந்த வாசகத்தின் வயதை உடையது.

மறுப்புரிமைக்கு மாற்றாகச் சுவீடனிலிருந்து இன்னொரு முறை வந்தது. 1865இல் கோத்தன்பர்க் நகரம் தன் எல்லைக்குள்ளிருந்த சாராய உரிமங்களை ஓர் அறக்கட்டளை நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பங்குதாரர்கள் குறிப்பிட்ட சிறு விழுக்காட்டுக்கு மேல் ஆதாயம் பெறக் கூடாது, மிச்சம் நகராட்சிக்கு. கிழக்கு ஸ்காட்லாந்தின் ஃபைஃப், லோதியன் வட்டாரச் சுரங்க ஊர்கள் இதைப் பின்பற்றின. 1896இல் ஹில் ஆஃப் பீத் என்னும் சுரங்கக் குடியிருப்பில் தொடங்கிய இத்தகைய மதுக்கூடம் 'கோத்' என்று சுருக்கமாக வழங்கப்பட்டது. அதன் ஆதாயத்தில் பூங்காவும் நூலகமும் தெருவிளக்கும் வந்தன. பிரஸ்டன்பான்ஸ் ஊரில் 1908இல் கட்டப்பட்ட கோத் கட்டடம் இன்றும் நிற்கிறது. மறுப்புரிமைக்காரர்கள் இம்முறையைத் தனியார் மதுக்கடையை விட அதிகமாக வெறுத்தனர். தெருவிளக்கு எரிவது குடிப்பவன் கொடுக்கும் காசில் என்றால், குடியைக் குறைக்க ஊருக்கு எப்படி மனம் வரும் என்று அவர்கள் கேட்டதற்கு, கோத் நடத்தியவர்களிடம் உருப்படியான மறுமொழி இருந்ததாகத் தெரியவில்லை. மாநில அரசே மது விற்கும் நாட்டில் வாழ்வோருக்கு இக்கேள்வி புதிதன்று.

1913 ஆகஸ்டில் நிறைவேறிய ஸ்காட்லாந்து மதுத்தவிர்ப்புச் சட்டம், அறுபது ஆண்டுப் பேரத்தின் சுவடுகளை வரிக்கு வரி தாங்கியிருந்தது. வாக்கெடுப்பின் அலகாக மூன்று வகை எல்லைகள் வகுக்கப்பட்டன: நாட்டுப்புறத்தில் 'பாரிஷ்' எனப்பட்ட தேவாலய வட்டாரம், 25,000 மக்களுக்கு மேற்படாத பரோவாயின் அந்த ஊர் முழுவதும், அதை விடப் பெரிய நகரமாயின் அதன் ஒவ்வொரு வார்டும் தனித்தனியே. பெரிய நகரம் முழுவதும் ஒரே வாக்கில் முடிவெடுக்காமல் வார்டு வார்டாக எடுக்கட்டும் என்ற இந்த ஒரு வரியே பின்னால் நடந்தவற்றில் பாதியைத் தீர்மானித்தது. வாக்காளரில் பத்தில் ஒருவர் கையெழுத்திட்டுக் கேட்டால் வாக்கெடுப்பு நடக்க வேண்டும்; ஒருமுறை நடந்தால் மூன்றாண்டுகளுக்கு மீண்டும் நடத்தக் கூடாது.

சீட்டில் மூன்று தெரிவுகள் இருந்தன. முதலாவது 'மாற்றம் வேண்டாம்'. இரண்டாவது 'குறைப்பு', அதாவது இருக்கும் உரிமங்களில் கால் பங்கைக் குறைப்பது. மூன்றாவது 'உரிமம் வேண்டாம்', அதாவது சில்லறை மது விற்பனையை அந்த எல்லைக்குள் அறவே நிறுத்துவது. மூன்றாவது வெல்ல வேண்டுமானால், பதிவான வாக்குகளில் 55 விழுக்காடு அதற்கு விழ வேண்டும். அதோடு, வாக்களித்தோர் மட்டுமின்றி வாக்காளர் பட்டியலில் உள்ளோர் அனைவரிலும் 35 விழுக்காட்டினரின் வாக்கு அதற்குக் கிடைத்திருக்க வேண்டும். இதன் பொருளை ஒரு கணக்கால் விளக்கலாம்: 10,000 வாக்காளர் உள்ள வார்டில் 6,000 பேர் வாக்களித்து, அவர்களில் 3,300 பேர் 'உரிமம் வேண்டாம்' என்று சொன்னால், 55 விழுக்காடு கிடைத்துவிட்டது, ஆயினும் 3,500 தேவை என்பதால் தீர்மானம் தோற்கும். வீட்டிலேயே இருந்துவிட்டவரின் மௌனம் இச்சட்டத்தில் மதுக்கடைக்காரரின் பக்கம் எண்ணப்பட்டது. தோற்ற 'உரிமம் வேண்டாம்' வாக்குகளைக் குறைப்புக்கான வாக்குகளோடு கூட்டலாம் என்ற சிறு ஆறுதலும் அதில் உண்டு.

கடை மூடப்பட்டால் உரிமையாளருக்கு இழப்பீடு தருவதா என்பதே பேரத்தின் கடினமான முடிச்சு. இங்கிலாந்துக்கு 1904இல் வந்த சட்டம், மூடப்படும் கடைகளுக்கு இழப்பீடு தர மதுத் தொழிலிடமிருந்தே நிதி திரட்டியது. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் பணம் இல்லை. அதற்குப் பதிலாகக் காலம் கொடுத்தனர். முதல் வாக்கெடுப்பை 1920 வரை தள்ளிவைத்து, அதற்குள் முதலீட்டை மீட்டுக்கொள்ளட்டும் என்று விட்டனர். விடுதிகளும் உணவகங்களும், மதுவிற்கான தனிக் கூடம் இல்லாமல் உணவோடு மட்டும் மது தரும் வரையறுத்த உரிமத்தைப் பெறலாம் என்ற விலக்கு சேர்க்கப்பட்டது. வடிசாலைக்கும் மொத்த விற்பனைக்கும் தடையில்லை. வெளியூரிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்து வீட்டு நிலவறையில் வைத்துக் குடிப்பவரைச் சட்டம் தொடவில்லை. வாரக்கூலி வாங்கி ஒரு குவளை நின்று குடிப்பவரையே தொட்டது. மதுத் தொழிலினர் இதைச் சுட்டிக்காட்டியபோது அவர்களின் நோக்கம் தூய்மையானதாக இல்லை என்றாலும், சொன்னது சரியே.

1920 இலையுதிர் காலத்தில் தொடங்கிய முதல் வாக்கெடுப்புகளுக்கு உலகப் போரும் பெண்களின் வாக்குரிமை விரிவும் அமெரிக்காவின் முழு மதுவிலக்கும் பின்னணியாக இருந்தன. அவ்வாண்டு ஜனவரியில்தான் அமெரிக்கா மதுவிலக்கில் நுழைந்திருந்தது. அந்த வெற்றியின் முகமாகப் பிரித்தானியாவில் உலவியவர் 'புஸிஃபுட்' என்ற பட்டப்பெயர் பெற்ற வில்லியம் ஜான்சன். 1919 நவம்பரில் லண்டனில் மாணவர் கும்பலொன்று அவரை மேடையிலிருந்து இழுத்துச் சென்றபோது வீசப்பட்ட பொருள் பட்டு ஒரு கண்ணை இழந்தார். அதைப் பெரிதுபடுத்தாமல் நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டதால் எதிரிகளிடையேயும் மதிப்பைப் பெற்றார். இவரே 1921இல் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். அப்பயணத்தைப் பற்றிய நூலொன்று சென்னையில் அச்சாகி வெளிவந்தது.

முதல் சுற்றில் 584 எல்லைகள் வாக்களித்தன. அவற்றுள் 40 இடங்களே 'உரிமம் வேண்டாம்' என்றன. 35 இடங்கள் குறைப்பைத் தேர்ந்தன. எஞ்சியவை இருந்தபடியே இருக்க விரும்பின. இயக்கத்தார் எதிர்பார்த்த அலை எழவில்லை. ஆனால் இந்த நாற்பதில் சில, தாம் எடுத்த முடிவில் வியப்பூட்டும் அளவுக்கு நிலைத்து நின்றன. வட கோடியில் வட கடலை நோக்கி அமைந்த விக் துறைமுகம் அவற்றில் புகழ்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெர்ரிங் மீன்பிடிப்பில் ஐரோப்பாவின் முன்னணித் துறைகளில் ஒன்றாக இருந்த இவ்வூரில், மீன் பருவத்தில் படகோட்டிகளும் மீனைக் குடலெடுத்து உப்பிடும் பெண்களும் ஆயிரக்கணக்கில் வந்து தங்குவர். கூலி கைக்கு வரும் நாளும் மதுக்கூடம் நிரம்பும் நாளும் ஒன்றே. படகு கடலிலிருந்து திரும்புமா என்று காத்திருந்த பெண்கள், திரும்பியவன் கரையிலிருந்து வீடு வந்து சேர்வானா என்றும் காத்திருக்க வேண்டியிருந்த ஊரில், வாக்குரிமை பெற்ற பெண்கள் எப்படி வாக்களித்திருப்பர் என்பதை ஊகிப்பது கடினமன்று.

விக் 1922 முதல் 1947 வரை 25 ஆண்டுகள் மதுக்கடை இல்லாத ஊராக இருந்தது. அந்த ஊரின் நடுவிலேயே பல்ட்னி என்னும் புகழ்பெற்ற விஸ்கி வடிசாலை இயங்கியது என்பதுதான் முரண். சட்டம் சில்லறை விற்பனையை மட்டுமே தடுத்ததால், ஊர் மக்கள் விஸ்கியை வடிக்கலாம், மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் முதிர வைக்கலாம், கப்பலேற்றி அனுப்பலாம். ஒரு குவளையைத் தம்மூரில் காசு கொடுத்து வாங்கத்தான் முடியாது. 1930இல் அவ்வடிசாலை மூடப்பட்டு 1951இல்தான் மீண்டும் திறந்தது. மூடியதற்கு உலகப் பொருளாதார வீழ்ச்சியும் அமெரிக்கச் சந்தை அடைபட்டதுமே முதன்மையான காரணங்கள், ஊர்த் தடையை மட்டும் குறை கூறுவது பொருந்தாது. ஊருக்குள் 'ஷெபீன்' எனப்படும் திருட்டு மதுக்கூடங்கள் இருட்டறைகளில் நடந்தன. மேலும் வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளின் தலைநகரான லெர்விக்கும், ஆர்க்னித் தீவுகளின் ஸ்ட்ராம்னெஸ்ஸும் இதே காலம் முழுவதும் வறண்ட ஊர்களாக இருந்து, விக்கைப் போலவே 1947இல் தடையை நீக்கின. போரிலிருந்து திரும்பிய தலைமுறை பழைய முடிவைத் தன்னுடையதாக ஏற்கவில்லை போலும்.

கிளாஸ்கோவுக்கு அருகிலுள்ள கர்க்கின்டில்லாக், கில்சித் என்னும் இரு ஊர்கள் 1960களின் பிற்பகுதி வரை தாக்குப்பிடித்தன. முன்னது வார்ப்படச் சாலைகளும் கால்வாய்த் துறையும் நிலக்கரிச் சுரங்கங்களும் உள்ள தொழிலாளர் ஊர்; வறண்ட ஊர்கள் எல்லாம் செல்வர் ஊர்கள் என்ற எளிய விளக்கத்தை அது மறுக்கிறது. ஆனால் பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் கடை உள்ள இடத்தை அடையலாம் என்ற நிலையில்தான் அவை வறண்டிருந்தன என்பதையும் மறக்கலாகாது. தன் தெருவில் கடை வேண்டாம், அடுத்த ஊரில் இருந்தால் பாதகமில்லை என்பவரும் அந்த 55 விழுக்காட்டில் அடங்குவர்.

கிளாஸ்கோ நகரத்துக்குள் வார்டு எல்லையின் தன்மை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தெற்கே கேத்கார்ட், மேற்கே கப்பல் கட்டும் தொழிலாளரில் கைத்திறன் மிக்கோர் வாழ்ந்த வைட்டின்ச் போன்ற சில வார்டுகள் வறண்டன. எழுத்தர்கள், கடைக்காரர்கள், நிலையான கூலியுடைய கைவினைஞர்கள் ஆகியோர் சொந்தமாகவோ நல்ல வாடகையிலோ வீடு வைத்திருந்த இடங்கள் அவை. பல மாடிக் கட்டடங்களின் ஒற்றை அறைகளில் குடும்பம் குடும்பமாக நெருக்கியடித்து வாழ்ந்த கோர்பல்ஸ் போன்ற பகுதிகளில், ஒவ்வொரு தெருமுனையிலும் மதுக்கூடம் இருக்க, அவ்வார்டுகள் அவற்றை வைத்துக்கொண்டன. அங்கே குடிப்பவர்கள் அதிகம் என்பது ஒரு காரணம். உட்கார நாற்காலி இல்லாத வீட்டுக்காரனுக்குக் கணப்பும் வெளிச்சமும் பேச்சுத்துணையும் கிடைத்த ஒரே அறை அதுவாக இருந்தது என்பது இன்னொன்று. ஆக, கடை குறைவாக இருந்த இடமே கடையை எடுத்தது. கடை நிறைந்த இடம் அப்படியே இருந்தது. வாக்குச்சீட்டு சேதமற்ற வீட்டைக் காத்தது, சேதமடைந்த வீட்டைக் காக்கவில்லை.

நில உடைமை என்னும் மற்றக் கருவி இதற்குச் சில தலைமுறைகள் மூத்தது. ஸ்காட்லாந்தில் 2004 நவம்பர் வரை 'ஃபியூ' என்னும் நிலமுறை வழக்கில் இருந்தது. இம்முறையில் நிலத்தை வாங்கியவர் அதனை நிரந்தரமாக அனுபவிப்பார், விற்பார், பிள்ளைகளுக்கு விடுவார். ஆனால் மேலுரிமையாளர் ஒருவருக்கு ஆண்டுதோறும் சிறு தொகை செலுத்துவதோடு, முதல் பட்டயத்தில் அவர் எழுதிய நிபந்தனைகளுக்கும் வழிவழியாகக் கட்டுப்பட்டிருப்பார். கட்டடம் எத்தனை மாடி, எந்தக் கல், என்ன தொழில் செய்யக் கூடாது என்பன அந்நிபந்தனைகளில் வரும். மது விற்பனை கூடாது என்பது அவற்றுள் வழக்கமான ஒன்று. மேக்ஸ்வெல் குடும்பத்தின் நிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வகுக்கப்பட்ட பொல்லாக்ஷீல்ட்ஸ் மாளிகைக் குடியிருப்பு இத்தகைய பட்டயங்களால் அமைதி காத்த கிளாஸ்கோப் புறநகர். அங்கே குடியேறிய வணிகர்கள் மதுக்கடைக்கு எதிராக ஊர்வலம் போகத் தேவையில்லை. அவர்களின் அமைதி சாசனத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

நகராட்சியே நிலக்கிழார் ஆனபோது இக்கருவி பொதுக் கைக்கு வந்தது. 1866ஆம் ஆண்டின் நகரச் சீரமைப்புச் சட்டத்தின் கீழ் கிளாஸ்கோ நகராட்சி, காய்ச்சலும் நெரிசலும் மிகுந்த பழைய நகரப் பகுதிகளை இடிப்பதற்காக விலைக்கு வாங்கத் தொடங்கியது. வாங்கிய கட்டடங்கள் எல்லாவற்றையும் உடனே இடிக்க முடியவில்லை. வாடகைக்கு விட வேண்டியிருந்தது. வாடகைதாரர்களில் மதுக்கடைக்காரர்களும் இருந்தனர். இதனால் பெய்லியாக அமர்ந்து மதுக்கடை உரிமத்தைக் கண்டிப்போடு ஆராய்ந்த அதே மனிதர்கள், நகர மன்றமாக அமர்ந்து அக்கடையின் வாடகையை வாங்கும் சங்கடம் நேர்ந்தது. 1890இல் நகர மன்றம், தனக்கு உடைமையான எந்த இடத்திலும் மது விற்பனைக்கு இடமில்லை என்று முடிவு செய்தது. இதற்கு நாடாளுமன்றச் சட்டம் வேண்டவில்லை, 55 விழுக்காடு வேண்டவில்லை, இழப்பீடு பற்றிய விவாதமும் வேண்டவில்லை. தன் வீட்டில் யார் என்ன வியாபாரம் செய்யலாம் என்று வீட்டுக்காரன் சொல்வது போன்ற ஒரு முடிவு அது. அப்போது நகராட்சியின் கையிலிருந்த கட்டடங்கள் நகரத்தின் சிறு பகுதியே ஆதலால், பெரிய ஆரவாரமும் எழவில்லை.

எவரும் எதிர்பாராதது அடுத்து நடந்தது. 1919ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பின் பிரித்தானிய நகராட்சிகள் அரசு மானியத்துடன் பெருமளவில் வாடகை வீடுகளைக் கட்டத் தொடங்கின. கிளாஸ்கோ அவ்வகையில் முன்னணியில் நின்றது. 1920களில் நைட்ஸ்வுட் தோட்டக் குடியிருப்பு எழுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நகரின் நான்கு விளிம்புகளில் பொல்லாக், டிரம்சாப்பல், ஈஸ்டர்ஹவுஸ், காசில்மில்க் என்னும் மாபெரும் குடியிருப்புகள் எழுந்தன. 1970களில் நகரத்து வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை நகராட்சியின் உடைமை. 1890இன் முடிவு நீக்கப்படாமலேயே இருந்ததால், நகராட்சி வீடு கட்டிய இடமெல்லாம் மதுக்கடை இல்லாத இடமாயிற்று. கோர்பல்ஸ் போன்ற பழைய பகுதிகள் இடிக்கப்பட்டபோது அவற்றின் தெருமுனை மதுக்கூடங்களும் சேர்ந்து இடிந்தன. அங்கிருந்து ஈஸ்டர்ஹவுஸுக்கும் காசில்மில்க்கிற்கும் மாற்றப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள், எந்தச் சீட்டிலும் குறியிடாமலேயே வறண்ட ஊருக்குள் வந்து சேர்ந்தன. மூன்றாண்டுக்கொருமுறை நடந்த வாக்கெடுப்புகளில் இயக்கத்தார் வென்ற வார்டுகளை விட, சாவியைக் கொடுத்த நாளிலேயே நகராட்சி வென்ற தெருக்கள் மிகப் பல.

இதை வெற்றி என்று சொல்வதற்குத் தயக்கம் உண்டு. புதிய குடியிருப்புகளில் மதுக்கடை மட்டுமா இல்லை? தொடக்க ஆண்டுகளில் போதிய கடைகளும் இல்லை, திரையரங்கும் இல்லை, சந்திப்பதற்கு இடமும் இல்லை. குளியலறை உள்ள வீட்டைத் தந்த நகராட்சி, அவ்வீட்டை விட்டு வெளியே வருபவனுக்குப் போகுமிடம் ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை. குடிக்க விரும்பியவர்கள் பேருந்தேறி விட்டுவந்த பழைய பகுதிகளுக்கே சென்றனர், அல்லது புட்டியை வாங்கிவந்து வீட்டில் குடித்தனர். பிந்தியதைப் பெண்களும் பிள்ளைகளும் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை உரிமப் பதிவேடுகள் சொல்லா. 1890இல் தனியார் மதுக்கடையின் வாடகையை வாங்க வெட்கப்பட்டவர்களின் முடிவு, எழுபது ஆண்டு கழித்துத் தொழிலாளர் குடியிருப்பொன்றின் அமைப்பை வகுக்கும் விதியாக வேலை செய்தது. இடையில் எவரும் அதனை மறு ஆய்வு செய்யவில்லை. 1969இல்தான் நகராட்சி அதனைக் கைவிட்டது.

வாக்குச்சீட்டும் அதற்குப் பின் நெடுநாள் வாழவில்லை. மருத்துவர் கிறிஸ்டஃபர் கிளேசன் தலைமையிலான குழு 1973இல் அளித்த அறிக்கையை ஒட்டி 1976இல் வந்த உரிமச் சட்டம், உள்ளூர் மறுப்புரிமை வாக்கெடுப்பை ஒழித்தது. பெய்லிகளின் பழைய நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட மன்ற உறுப்பினர்களைக் கொண்ட உரிம வாரியங்கள் அமைந்தன. ஒரு வட்டாரத்தில் ஏற்கெனவே போதிய கடைகள் இருந்தால், மேலும் ஒன்று மிகை என்று கூறிப் புதிய உரிமத்தை மறுக்கும் அதிகாரம் அவற்றுக்குக் கிடைத்தது. வேண்டுமா வேண்டாமா என்று மக்களிடம் கேட்ட வினா, எத்தனை போதும் என்று வாரியம் கணக்கிடும் வினாவாக மாறியது இங்கேதான். 2009 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த 2005ஆம் ஆண்டின் சட்டம், பொது உடல்நலத்தைக் காப்பதையும் உரிமம் வழங்குவதன் ஐந்து நோக்கங்களில் ஒன்றாக்கி, மிகையைப் பற்றிய மதிப்பீட்டை ஒவ்வொரு வாரியமும் வெளியிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

இன்றைய நடைமுறையில் எவர் வேண்டுமானாலும் ஒரு விண்ணப்பத்துக்கு மறுப்புத் தெரிவிக்கலாம். உள்ளூர்ச் சமுதாய மன்றத்துக்கும் தகவல் போக வேண்டும். ஆயினும் வாரியம் தானே தேடிச் சென்று கடிதம் அனுப்ப வேண்டிய அண்டைவீட்டார் யார் என்பதை விதி அளந்து சொல்கிறது: கடை அமையவிருக்கும் இடத்திலிருந்து 4 மீட்டருக்குள் நிலமோ வீடோ உடையவர்கள்.